மதுரையில் ஓடிய முடிவு

சினிமாவைப் பற்றி என்னிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை. கேட்டாலும் நான் சொல்ல மாட்டேன். போன மாதம் கணக்கப்பிள்ளையின் மச்சினன் ஹட்டனில் ஒரு புதுப் படம் பார்த்துவிட்டு வந்து, வழியில் என்னை நிறுத்தி, "நீங்களும் பாத்தீங்களாமே, எப்புடிண்ணே இருந்துச்சு?" என்று கேட்டான். படம் நன்றாகத்தான் இருந்தது. "தெரியல தம்பி" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன். ஒரு படத்தைப் பற்றி நான் கடைசியாக அபிப்பிராயம் சொன்னது ஐம்பத்து நாலாம் வருஷம் ஆவணி மாதம். அதில் ஒரு குடும்பம் அழிந்தது. பதினோரு வருஷமாகிறது. இன்னும் என் வாயை நினைத்தால் எனக்கே அறையத் தோன்றுகிறது.

அந்தக் குடும்பம் முத்துலிங்கம் அண்ணனுடையது. ஹட்டனிலிருந்து நாலு மைல் ஏறினால் எங்கள் ஆனைக்கல் தோட்டம். அண்ணன் அங்கே என்னோடு கவ்வாத்து வெட்டியவர். பிறந்தது வட்டவளைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில். நாற்பத்திரண்டாம் வருஷம் பெண்டாட்டி பூரணியைக் கூட்டிக்கொண்டு எங்கள் தோட்டத்துக்கு வந்து பெயர் பதிந்தார். ஒல்லியான ஆள். தேயிலைச் செடியை ஒரே வீச்சில் சீவுகிற கை. பேச உட்கார்ந்தால் அந்தக் கை சும்மா இருக்காது. ராஜாவாகும், குதிரையாகும், அழுகிற பெண்ணாகும்.

எங்கள் லயத்தில் வரிசையாக இருபது காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம். எல்லோரும் படத்துக்குப் போக வசதி ஏது? அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். சம்பள வாரத்து ஞாயிற்றுக்கிழமை லயத்தின் சார்பில் அண்ணனைப் பகல் ஆட்டத்துக்கு அனுப்புவோம். துணைக்கு நான் சொந்தக் காசில் போவேன். திங்கட்கிழமை கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் அடுப்பில் உலையை வைத்துவிட்டு எங்கள் காம்பரா வாசல் இஸ்தோப்பில் வந்து உட்காருவார்கள். அண்ணன் தூணில் சாய்ந்து நின்று படத்தைச் சொல்லுவார். மூன்று மணி நேரப் படம் சோறு வேகிற நேரத்துக்குள் முடிந்துவிடும். அழ வேண்டிய இடத்தில் எல்லோரும் அழுதிருப்பார்கள்.

படம் சொல்வதோடு விட மாட்டார், அபிப்பிராயமும் சொல்லுவார். "பழைய படத்துல ஒருத்தன் சாகணும்னா மூணு பாட்டுப் பாடுவான். அதுவரைக்கும் எமன் வாசல்ல காத்துக்கிட்டு நிக்கணும். இப்ப வர்ற படத்துல பாட்டக் கொறச்சுட்டானுங்க, வாயக் கூட்டிட்டானுங்க. நேத்துப் பாத்த படத்துல கோர்ட்டுல நின்னு பேசுறான் பாரு, அவன் பேசி முடிக்கிறதுக்குள்ள நம்ம பூரணி ரெண்டு கூடை எடுத்துருவா." பெண்கள் சிரிப்பார்கள். பூரணி மதினி மட்டும் சிரிக்காமல், "ஒங்களுக்கு மட்டும் வாய் கொறச்சலாக்கும்" என்பார்.

எந்தப் படமானாலும் அண்ணன் கடைசியில் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான். "இதெல்லாம் என்னடா படம், இதெல்லாம் என்னடா தியேட்டரு. மதுரையில பாக்கணும். நான் பாத்தேன் பாரு, அது படம்." இளவயதில் ஊருக்குப் போய் இருந்தபோது பார்த்தது என்று பத்துப் பதினைந்து படங்களின் கதையை வைத்திருந்தார். அவை ஒன்றும் அப்போது ஹட்டனுக்கு வந்ததில்லை. நான் நாவலப்பிட்டிக்கு அப்பால் உலகம் பார்க்காதவன். அவர் மதுரை என்று சொல்லும்போது எனக்கு வாயெல்லாம் பல்லாக இருக்கும். அப்படிப்பட்டவர் நம் லயத்தில் இருக்கிறாரே என்று பெருமை.

அந்தக் கதைகளில் லயத்துக்கே பிடித்தது கண்ணில்லாத ராணியின் கதை. சக்களத்தி சொல்லைக் கேட்டு ராஜா மூத்த ராணியின் கண்ணைப் பறித்துக் காட்டில் விட்டுவிடுகிறான். அவள் பெற்ற பிள்ளை வண்ணான் வீட்டில் வளர்கிறது. வளர்ந்து, தாயைத் தேடி வருகிறது. அம்மன் கோயில் படியில் ராணி விழுந்து அழ, அம்மனே எழுந்து வந்து அவள் முகத்தைத் தடவ, கண் திறக்கிறது. முதல் முதலாக அவள் பார்ப்பது மகனை. இந்தக் கதையை வருஷத்துக்கு மூன்று தடவையாவது சொல்லச் சொல்லி நச்சரிப்பது ராக்காயி அக்கா. அடுத்த காம்பராவில் தனியாக இருந்த விதவை. அவளுக்கு வலது கண்ணில் பூ விழுந்து மங்கிவிட்டது, இடது கண்ணிலும் தொடங்கியிருந்தது. அம்மன் முகத்தைத் தடவுகிற இடம் வந்ததும் அவள் தன் கண்ணைத் தானே தடவிக்கொள்வாள்.

இனிப் பிரஜா உரிமைக் காகிதத்தின் கதையைச் சொல்ல வேண்டும். இலங்கைக்குச் சுதந்திரம் வந்த வருஷமே எங்களை இந்த நாட்டுக்காரர் இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். பிறகு, வேண்டுமானால் எழுதிப் போடுங்கள், நிரூபித்தால் தருகிறோம் என்றார்கள். ஐம்பத்தொன்றில் எங்கள் லயமே எழுதிப் போட்டது. முப்பத்தொன்பதாம் வருஷத்திலிருந்து விடாமல் இங்கேயே இருந்ததாகக் காட்ட வேண்டும். நடுவில் ஒரு வருஷத்துக்கு மேல் இந்தியாவில் இருந்திருந்தால் அவ்வளவுதான், கயிறு அறுந்த மாதிரி. எனக்குத் தோட்டத்துச் செக்ரோல் பதிவேட்டில் வருஷா வருஷம் பெயர் இருந்தது. காகிதம் வந்துவிட்டது. அண்ணனுக்கு நாற்பத்திரண்டுக்குப் பிறகுதான் எங்கள் செக்ரோல். அதற்கு முந்திய வட்டவளைத் தோட்டத்துப் புத்தகங்கள் ஈரத்தில் கிடந்து மக்கிப் போயின. அந்த மூன்று வருஷத்துக்கு அவரிடம் இருந்த ஒரே ஆதாரம் அங்கே கங்காணியாக இருந்த கிழவர் கைநாட்டு வைத்துக் கொடுத்த ஒரு கடிதம். அந்தக் கிழவரும் செத்துப் போனார்.

அந்தக் கடிதத்தைப் பூரணி மதினி மஞ்சள் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார். அவர்களுக்கு ஒரே மகள், சண்முகவடிவு, அப்போது ஏழு வயது. "இவ இங்க பொறந்தவ. இவளுக்கு ஒரு ஊரு இருக்கணும்ல சோலமல" என்று மதினி என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது. ஐம்பத்து நாலில், ஆவணி மாத விசாரணைக்கு வரச் சொல்லி ஓலை வந்தது. ஆளைப் பற்றிச் சொல்ல ஒரு சாட்சியும் வேண்டும். காகிதம் கிடைத்தவன் சொன்னால் மதிப்பு என்று தொழிற்சங்கத்துத் தலைவர் என்னைப் போகச் சொன்னார்.

விசாரணைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, கண்ணில்லாத ராணி படம் ஹட்டனுக்கு வந்தது.

பழைய படத்தைத் தூசி தட்டித் திரும்ப ஓட்டினார்கள். லயமே கிளம்பிவிட்டது. ராக்காயி அக்கா சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்தாள். கண் மொத்தமாகப் போவதற்குள் இதை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும் என்றாள். அண்ணன் மட்டும், "வேணாம்க்கா, பழைய ரீலு, மழ பெஞ்ச மாதிரி இருக்கும், ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்று தடுத்துப் பார்த்தார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கடைசியில் அவரும் வந்தார்.

படம் அவர் சொன்னபடியே ஓடியது. கண் பறித்த இடம், வண்ணான் வீடு, மகன் புறப்பட்டு வருவது எல்லாம் அச்சாக அப்படியே. ஆனால் கோயில் படியில் அம்மன் வரவில்லை. ராணி அங்கேயே செத்துப் போனாள். மகன் வந்து கொள்ளி வைத்தான். வணக்கம் போட்டுவிட்டார்கள்.

வெளியே வந்ததும் ராக்காயி அக்கா தெருவென்றும் பார்க்காமல் அண்ணனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "ஏன் தம்பி பொய் சொன்ன? எத்தன வருசமா சொன்ன?" மற்றவர்கள் சுற்றி நின்றார்கள். அண்ணன் திரும்பித் தியேட்டரைப் பார்த்தார். பிறகு, "பொய் இல்லக்கா. இங்க வெட்டிட்டானுங்க. ரீலு பிஞ்சு போனா கடைசியக் கழட்டிப் போட்டுருவானுங்க. மதுரையில முழுசா ஓடிச்சு. நான் மூணு தரம் பாத்தேன்" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். அவருக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று, "அது எந்த வருசம்ணே?" என்று கேட்டு வைத்தேன். "நாப்பது. நாப்பது தையில போயி, அடுத்த வருசம் ஆடி வரைக்கும் ஒன்றரை வருசம் அங்கதான இருந்தேன்" என்றார் அவர், கணக்காக. ராக்காயி அக்கா சட்டையை விட்டாள். "அப்ப கண்ணு வந்துச்சுல்ல?" என்றாள். "வந்துச்சுக்கா." பூரணி மதினி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் விறுவிறு என்று நடந்துவிட்டார்.

விசாரணை ஹட்டனில் ஒரு கடையின் மேல்மாடியில் நடந்தது. போகிற வழியெல்லாம் தலைவர் எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். இந்தியா என்ற பேச்சை எடுக்கக் கூடாது. அங்கே சொந்தம் யாரும் இல்லை, நிலம் இல்லை, காசு அனுப்பவில்லை. இங்கே பிறந்தார், இங்கேதான் சாவார். அம்மன் மேல் ஆணை, இதையெல்லாம் நான் சரியாகத்தான் சொன்னேன். மேஜைக்குப் பின்னால் விசாரிக்கிற துரை. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு யாழ்ப்பாணத்து ஐயா. பெஞ்சில் அண்ணனும் மதினியும். கிழவருடைய கடிதத்தைத் துரை இரண்டு தடவை படித்தார். நல்லது என்பது போலத் தலையை ஆட்டினார். எழுதவும் தொடங்கினார்.

அவர் எழுதிக்கொண்டிருந்தபோது யாழ்ப்பாணத்து ஐயா சும்மா பேச்சுக் கொடுத்தார். நல்ல மனுஷன். நான் நடுங்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்து இரங்கியிருக்க வேண்டும். "வேலை இல்லாத நாளிலை என்ன செய்யிறனீர்?" என்றார்.

"நானும் அண்ணனும் படத்துக்குப் போவோங்கய்யா."

"ஓ! உந்தக் கண்ணில்லாத ராணி திரும்ப ஓடினதாமே, பாத்தனீரோ? எப்பிடி?"

எப்படி என்று கேட்டுவிட்டார். தலைவர் எத்தனையோ சொல்லிக் கொடுத்தார், சினிமாவைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கு நடுக்கம் போய்விட்டது. "படம் நல்ல படந்தாங்கய்யா. ஆனா முடிவ வெட்டிட்டானுங்க. ராணி சாகுறதோட நிப்பாட்டிடுறானுங்க" என்றேன்.

"நானும் கொழும்பிலை பாத்தனான். செத்துத்தானே போறா?"

"அதுவும் வெட்டுனதாத்தாங்க இருக்கும். நம்ம அண்ணன் மதுரையிலயே முழுசாப் பாத்தவங்க. நாப்பதுல ஒன்றரை வருசம் அங்க இருந்தப்ப மூணு தரம் பாத்திருக்காங்க. அம்மன் வந்து கண்ணு குடுக்குதுங்க."

பெஞ்சில் அண்ணன் இருமினார். புகழ்கிறேன் என்று கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். அவ்வளவு புத்தி எனக்கு. மதுரை என்ற சொல்லுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. துரை பேனாவை நிறுத்திவிட்டு என்ன பேசுகிறீர்கள் என்று ஐயாவைக் கேட்டார். ஐயா சிரித்தபடியேதான் இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் அவர் சிரிப்பு நின்றது. ஆனால் பாதி சொல்லியாகிவிட்டது. மீதியைத் துரை கேட்டுக் கேட்டு வாங்கினார்.

அண்ணன் எழுந்து நின்றார். "தொரைங்களே, அது பொய்ங்க. நான் மதுரைக்குப் போனதே இல்லைங்க. கடலையே கண்ணால பாத்தது இல்லைங்க. சும்மா லயத்துல சொன்ன பொய்ங்க."

ஐயா அதை மொழிபெயர்த்தார். துரை கோபப்படவில்லை. அவர் நிதானமாகச் சொன்னதை ஐயா தலையைக் குனிந்தபடி தமிழில் சொன்னார். "இத்தனை வருஷம் தோட்டம் முழுக்க ஒண்டைச் சொல்லிப்போட்டு, இண்டைக்கு இஞ்சை வந்து மாத்திச் சொல்லிறீர். உம்மடை சாட்சியே வருஷத்தோடை சொல்லுறான். எதை நம்பிறது எண்டு கேக்கிறார்."

பூரணி மதினி பெஞ்சிலிருந்து இறங்கித் தரையில் விழுந்து, "அவரு பொய் சொல்றது ஊருக்கே தெரியுங்க, தொர" என்று கும்பிட்டார். ஊருக்குத் தெரியாது. எனக்கே தெரியாதே. கடிதத்தைத் துரை மற்றக் காகிதங்களோடு சேர்த்துக் கிளிப் போட்டார். அவர் கணக்கில் அது இனிக் காசு கொடுத்து வாங்கிய கடிதம். வெளியே போகச் சொல்லிவிட்டார்கள்.

திரும்பி ஏறும்போது மழை. மதினி சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு முன்னால் போனார். நான் அழுதுகொண்டே நடந்தேன். அழுகையோடு ஆத்திரமும் வந்தது. "போகாத ஊருக்குப் போனேன்னு எதுக்குண்ணே சொன்னீங்க? யாரு கேட்டா ஒங்கள?" என்று கத்தினேன்.

அவர் முகத்து மழையை வழித்துவிட்டார். பிறகு சொன்னார். ஹட்டன் பஜாரில் நஸார் நானாவின் பலசரக்குக் கடையில் சாமான் கட்டித் தருவதற்கென்று பழைய கடதாசி வாங்கிப் போட்டிருப்பார்கள். இந்தியாவிலிருந்து வந்த பாட்டுப் புத்தகங்கள் அதில் கிடக்கும். நானா அவற்றை எடுத்து வைத்து அண்ணனுக்குக் கொடுப்பார். பாட்டுப் புத்தகத்தில் முதல் பக்கத்தில் கதை போட்டிருக்கும். ராணிக்குக் கண் கிடைத்ததா, மகனைக் கண்டாளா என்று கேட்டுவிட்டு, மிகுதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடித்திருப்பார்கள்.

"அதுல முடிவு இருக்காது சோலை. நீங்கல்லாம் முன்னாடி உக்காந்திருக்கீங்க. ராக்காயி அக்கா அந்தக் கண்ண வச்சுக்கிட்டு என்னையே பாக்குது. குருடாவே செத்துப்போனான்னு எப்புடிடா சொல்றது? ஒரு முடிவு வச்சுச் சொன்னேன். எங்க பாத்தேன்னு கேட்டா ஒரு ஊரு சொல்லணும்ல?"

"என்னையத் திட்டுங்கண்ணே" என்றேன். "நீ நான் சொன்னதத்தான சொன்ன" என்றார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அடுத்த வருஷம் விண்ணப்பம் தள்ளுபடி என்று கடிதம் வந்தது. வக்கீல் வைத்து மேலே எழுதினார்கள், அதுவும் நிற்கவில்லை. இங்கே இல்லையென்றால் எங்கேயாவது ஒரு பக்கம் பெயர் இருக்கட்டும், பிள்ளைக்கு ஆகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு இந்தியப் பாஸ்போட்டுக்கு எழுதிப் போட்டார். அது வந்தது. அதில் இங்கே இருக்க இரண்டு வருஷம் தவணை குத்திக் கொடுத்தார்கள். தவணை முடிந்ததும் கிளம்பு என்றார்கள். ஐம்பத்தொன்பதில், நாற்பத்தெட்டு வயதில், அவர் முதல் முறையாக இந்தியாவுக்குப் போனார். அந்த ஐந்து வருஷமும் அவர் இஸ்தோப்பில் நின்று ஒரு படமும் சொல்லவில்லை. கேட்கவும் யாருக்கும் மனம் வரவில்லை.

ஹட்டன் ஸ்டேஷனுக்கு வழியனுப்ப லயமே வந்தது. ராக்காயி அக்காவுக்கு அப்போது கண் முழுவதும் போய்விட்டது; நான் கைபிடித்துக் கூட்டி வந்தேன். விசாரணையில் நடந்ததை அவளுக்கு யாரும் விவரமாகச் சொல்லியிருக்கவில்லை, நான்தான் சொல்லக் கூடாதென்று வைத்திருந்தேன். அவள் பெட்டியின் ஜன்னலைத் தடவி அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாத தம்பி. மதுரையெல்லாம் ஒனக்குத் தெரிஞ்ச எடந்தான?" என்றாள். அண்ணன் என்னைப் பார்த்தார். "ஆமாக்கா" என்றார்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு கடிதம் வந்தது. ஒரே ஒரு கடிதம்தான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரை படித்த புண்ணியத்தில் எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவேன். கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பின்னால் போய் நின்று வாசித்தேன்.

"அன்புள்ள சோலைமலைக்கு. நானும் வடிவும் சௌக்கியம். பூரணி போன ஐப்பசியில் காய்ச்சலில் தவறிவிட்டாள். சொந்தக்காரர் யாரும் சேர்க்கவில்லை. ரோட்டுக்குக் கல் உடைக்கிறோம். வெயில் தாங்கவில்லை. எங்களைச் சிலோன்காரர் என்று கூப்பிடுகிறார்கள். மதுரை டவுன் இங்கிருந்து பத்து மைல், இன்னும் போகவில்லை. பக்கத்தில் டூரிங் கொட்டகையில் கண்ணில்லாத ராணி வந்தது. மணலில் உட்கார்ந்து கடைசி வரைக்கும் பார்த்தேன். ராணி செத்துத்தான் போகிறாள். ஹட்டனில் ஒன்றும் வெட்டவில்லை. இதை உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. படம் பரவாயில்லை. பாட்டுத்தான் அதிகம்."

மதினி சாவுக்கு ஒரு வரி, படத்துக்கு ஏழு வரி. எனக்கு அவர் மேல் ஆத்திரம் பொங்கியது. பிறகு, மதினியைப் பற்றி எழுத அந்த மனுஷனிடம் வேறு என்ன இருந்திருக்கும் என்று தோன்றி, அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இப்போது புதிதாக ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள், ஐந்து லட்சத்துக்கு மேல் ஆட்களை அனுப்பப் போகிறார்களாம். ஒவ்வொரு நாளும் அந்தக் கடிதம்தான் என் நினைவுக்கு வருகிறது.

கடிதம் வாசித்த அன்று சாயங்காலம் லயத்துக்கு வந்தபோது, கடிதம் வந்த செய்தி எனக்கு முன்னாலேயே வந்திருந்தது. ராக்காயி அக்கா சுவரைத் தடவிக்கொண்டு இஸ்தோப்புக்கு வந்து, அண்ணன் சாய்ந்து நிற்கிற தூணுக்கு எதிரே உட்கார்ந்தாள். "படி" என்றாள்.

கடிதத்தைப் பிரித்தேன். "எல்லாரும் சௌக்கியமாம்க்கா."

"பூரணி எப்புடி இருக்காளாம்?"

"நல்லா இருக்காங்களாம். ஒங்களத்தான் ரொம்பக் கேட்டாங்களாம்."

அவள் முகம் மலர்ந்தது. பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்பது போல, "படம் ஏதும் பாத்தானாமா?" என்றாள்.

"பாத்தாங்களாம். நம்ம ராணி படந்தான்."

"முழுசா ஓட்டுறாங்களாமா? கண்ணு வந்துச்சாமா?"

கடிதத்தில் அவர் கையெழுத்துக் கோணல் கோணலாக இருந்தது. கல் உடைத்த கை.

"வந்துச்சாம்க்கா" என்றேன். அம்மன் எழுந்து வந்ததையும், முகத்தைத் தடவியதையும், அவர் சொல்லுகிற மாதிரியே கையை ஆட்டி, வாசிக்கிற மாதிரி சொன்னேன். ராக்காயி அக்கா தன் கண்ணைத் தடவிக்கொண்டாள்.